சோலிங் டீச்சரின் இல்லாத மாணவிகள்

பிலிப்பைன்ஸ், பினாலியான் நகரக் காவல் நிலையம், புலனாய்வுப் பிரிவு. இபான்யெஸ் பயிற்சி மைய மோசடி வழக்கில் சாட்சி தாமாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம். பதிவு செய்தவர் சார்ஜென்ட் தெரெசிதா வில்யாமோர்.

என் பெயர் ஹெர்மினியா பாக்டோல் சலிமன். வயது நாற்பத்தொன்று. பினாலியான் நகரம், மாலினாவ் வட்டாரத்தில் சந்தைக்குப் பின்புறத் தெருவில் என் தாயாருடன் வசித்து வருகிறேன். கணினிப் பிரிவில் பட்டம் பெற்றிருக்கிறேன். திருமணமானவரா என்று சார்ஜென்ட் கேட்டதற்கு, ஆமாம், ஆனால் கணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, இந்த நாட்டில் விவாகரத்து கிடையாது என்பதால் ஆள் போன பிறகும் அவருடைய பெயர் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது என்று சொன்னேன். இதை இப்படியே எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன். திருமணத்துக்கு முன் என் பெயர் ஹெர்மினியா ஓர்தேகா பாக்டோல். அதையும் எழுதச் சொன்னேன். காரணம் பின்னால் வரும்.

நான் மாகாணத் திறன் பயிற்சி அலுவலகத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் ஒப்பந்த ஊழியராகச் சில ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போடுபவர் பிரிவுத் தலைவர் வெனான்சியோ ஒபுசான். அரசுச் செலவில் தொழில் கற்றுக்கொடுக்கும் மையங்களில் படித்து முடித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று தரவுத்தளத்தில் தேடி அறிக்கை கொடுப்பது என் வேலை. எப்படித் தேடுவீர்கள் என்று சார்ஜென்ட் கேட்டார். எஸ்.க்யூ.எல். என்ற மொழியில் கேள்வி எழுத வேண்டும். பயிற்சி பெற்றவர்களின் பதிவு ஒரு பக்கம், தொழிலாளர் காப்பீட்டுப் பதிவு இன்னொரு பக்கம். இரண்டையும் இணைத்து, இந்த ஆள் அங்கே இருக்கிறாரா என்று கேட்டால், இருக்கிறவருக்கு நேரே முதலாளியின் பெயர் வரும், இல்லாதவருக்கு நேரே கட்டம் காலியாக வரும். அது கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். கேட்காமல் விட்டதைப் பற்றி மூச்சு விடாது.

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், தராசுத் தட்டின் அடியிலும் கையை விட்டுப் பார்ப்பேன். என் வேலைக்கு இந்தக் குணம்தான் வேண்டும் என்று ஒபுசானே பலமுறை பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டையும் நான் நம்பியிருக்கக் கூடாது.

முந்தைய ஆண்டுகளில் பயிற்சி முடித்தவர்களைத் தொலைபேசியில் அழைத்துத்தான் விசாரிப்போம். இந்த ஆண்டு முதன்முறையாகக் காப்பீட்டுப் பதிவின் நகல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. இரண்டு பதிவுக்கும் பொதுவான அடையாள எண் கிடையாது, பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். ஒபுசான் தலைவராவதற்கு முன் இதே வேலையைச் செய்தவர். அவரே ஒரு கேள்வியை எழுதி என்னிடம் கொடுத்து, "இபான்யெஸ் மையத்துக்கு இத ஓட்டிப் பாரு ஹெர்மி. ஒரு எழுத்துகூட மாத்தாத" என்றார். சொந்தப் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி மூன்றும் பொருந்தினால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பதுதான் அந்தக் கேள்வி. நான் ஓட்டினேன்.

இபான்யெஸ் மையம் என்பது பழைய அரிசி ஆலைக் கட்டடத்தில் கான்ஸொலசியோன் இபான்யெஸ் என்ற அம்மாள் நடத்தி வந்தது. அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஊரில் எல்லோருக்கும் அவர் சோலிங் டீச்சர். அங்கே பெண்களுக்கு ஆலைத் தையலும் ஆண்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேரும் சொல்லித் தருவார்கள். கேள்வியை ஓட்டியபோது அந்த மையத்தில் படித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கட்டம் காலியாக வந்தது. எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. அந்த அம்மாள் எதைக் கேட்டாலும் முறையாகத் தர மாட்டார், நான் கேட்கப் போனால் தையல் மிஷின் சத்தத்தை விடப் பெரிய குரலில் என்னைச் சத்தம் போடுவார். மாட்டினாயா என்றுதான் நினைத்தேன். பலருடைய வேலை விவரம் கிடைக்கவில்லை, மேலும் விசாரிக்க வேண்டும் என்று என் பெயரில் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒபுசான் அதில் போலி மாணவர்கள் என்ற சொல்லைத் தம் கையால் சேர்த்து மேலே அனுப்பினார். நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு அவர் என்னை அலுவலக வண்டியில் அந்த விலாசங்களுக்கு அனுப்பினார். பதிவில் இருந்த தொலைபேசி எண்கள் ஏறக்குறைய எல்லாம் செத்துப் போயிருந்தன. நான் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வாசலிலும் பெயரைச் சொல்லிக் கேட்டேன். தெரியாது என்றார்கள். ஒரு வீட்டில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அப்படி யாரும் இங்க இல்ல. தவணைப் பணம் வசூலுக்கு வந்திருந்தா வேற தெருவப் பாருங்க" என்றார். அவர் பயந்து பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எதற்குப் பயந்தார் என்பதைத்தான் தவறாகப் புரிந்துகொண்டேன். சோலிங் டீச்சர் அவருக்கும் ஏதாவது கொடுத்து வாயை அடைத்திருப்பார் என்று சொல்லாத குறையாக எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு, இல்லாத மாணவர்களின் பெயரில் அரசுப் பணம் வாங்கினார் என்று புகார் பதிவாகி, போன வாரம் சோலிங் டீச்சரைக் கைது செய்தார்கள். நானும் அங்கே இருந்தேன், அலுவலகத்திலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். அவர் கழுத்தில் அளவு நாடா கிடந்தது. அதைக் கழற்றி ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் வந்து, "என் பொண்ணுங்க இல்லவே இல்லன்னு எழுதிக் கொடுத்தியாமே. நீ போட்டிருக்கிற யூனிபார்ம யாரு தச்சதுன்னு கேட்டுப் பாத்தியா?" என்றார். வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை கொடியேற்றத்துக்கு எல்லோரும் யூனிபார்மில் வர வேண்டும். அன்று என் பாவாடையின் கொக்கி அறுந்து போயிருந்தது. அலுவலக யூனிபார்ம் தைப்பது சந்தை மாடியில் உள்ள ஒரு தையல் கடை. உணவு இடைவேளையில் அங்கே போனேன். தைத்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். முப்பது வயதுக்குள் இருக்கும், உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வந்தார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். சோலிங் டீச்சரிடம் என்றார். எந்த ஆண்டு என்று கேட்டேன், சொன்னார். அந்த ஆண்டுப் பட்டியலை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன் என்பதால் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன். அவர் ஊசிகளை எடுத்துவிட்டு, "சந்தேகப்படுங்க மேடம், வேணாங்கல. முதல்ல அந்தப் பாவாடையக் கழட்டிக் குடுங்க, தச்சுக்கிட்டே பதில் சொல்றேன்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவருடைய மாற்றுப் பாவாடை ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்தேன்.

அட்டையில் ஜோனலின் பரெஹா சுமாங்கில் என்று இருந்தது. பட்டியலில் அப்படி யாரும் கிடையாது. திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் பிறந்த தேதி கண்ணில் பட்டது. என் பட்டியலில் காலிக் கட்டத்துக்கு நேரே ஒரு ஜோனலின் இருந்தாள். ஜோனலின் மதுராய் பரெஹா. அதே தேதி. எப்போது கல்யாணம் என்று கேட்டேன். படிப்பு முடித்த அடுத்த வருடம் என்றார். காப்பீட்டில் பெயரை மாற்றினாயா என்று கேட்டேன். "மாத்தாம? புருஷன் பேரையும் புள்ளைங்க பேரையும் சேக்கணும்ல" என்றார்.

கல்யாணம் செய்துகொண்ட பெண் தன் தகப்பன் வீட்டுப் பெயரை நடுவுக்குத் தள்ளிவிட்டுக் கடைசியில் கணவர் வீட்டுப் பெயரை வைத்துக்கொள்வாள், அதுவரை நடுவில் இருந்த தாய் வீட்டுப் பெயர் விழுந்துவிடும். இது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் எல்லோரும் செய்வார்கள். கணினிக்கு மட்டும் இது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஒபுசான் கொடுத்த கேள்வி அதைச் சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சுமந்துகொண்டு அலைகிற எனக்கே இது தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

அதன் பிறகு அலுவலகத்துக்குத் திரும்பி என் பழைய பெயரையும் என் பிறந்த தேதியையும் போட்டு அதே கேள்வியைக் கேட்டேன். ஒப்பந்த ஊழியர்களான நாங்களும் அதே காப்பீட்டுக்குத்தான் கட்டுகிறோம். என் கட்டம் காலியாக வந்தது. அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து, அரசாங்க மின்விசிறியின் கீழே, அரசாங்கக் கணினியில் நான் இல்லை என்று பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது.

அதன் பிறகு இபான்யெஸ் மையத்தின் முடிவை ஆண் பெண் எனப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். குளிர்சாதனம் படித்த ஆண்கள் அநேகமாக எல்லோரும் கிடைத்திருந்தார்கள். காணாமல் போனவர்கள் பெண்கள். ஒருத்தி போலி மாணவர்களை உண்டாக்குவதென்றால் பெண்களாகவே பார்த்து உண்டாக்குவாளா? இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு கேள்வியில் ஒரு வரி சேர்த்தேன். குடும்பப் பெயர் பொருந்தாவிட்டால், பயிற்சிப் பதிவின் குடும்பப் பெயர் காப்பீட்டுப் பதிவின் நடுப்பெயராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வரி. ஓட்டியதும் கட்டங்கள் நிறைந்தன. தையல் ஆலை, மருத்துவமனைத் துணிப் பிரிவு, பொட்டலம் கட்டும் கம்பெனி என்று முதலாளிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. சிலர் அப்போதும் கிடைக்கவில்லை. வெளிநாடு போயிருக்கலாம், வேலையில்லாமலும் இருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது எந்த மையத்திலும் இருக்கிற அளவுதான்.

இது வெறும் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டு ஒபுசானிடம் ஓடியிருப்பேன். அப்போதுதான் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த உத்தரவு நினைவுக்கு வந்தது. இபான்யெஸ் மையத்தின் தையல் மாணவர் இடங்களையும் அவற்றுக்கான அரசுப் பணத்தையும் தாமியான் கெரோல் என்பவரின் மையத்துக்கு மாற்றிய உத்தரவு. கெரோல், ஒபுசானின் மனைவியுடன் பிறந்தவர். அந்த மையத்திலும் பெண்கள்தான் தையல் படிக்கிறார்கள், அவர்களுக்கும் கல்யாணம் ஆகத்தான் செய்யும். அப்படியானால் அங்கேயும் பாதிப் பேர் காணாமல் போயிருக்க வேண்டும். அந்த மையத்தின் அறிக்கையில் அநேகமாக எல்லோரும் இருந்தார்கள்.

எங்கள் தரவுத்தளம், யார் எந்தக் கேள்வியை எப்போது கேட்டார்கள் என்பதைத் தானாகவே குறித்து வைக்கும். பொதுவாக யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நான் திறந்தேன். ஒபுசானின் பெயரில், எனக்கு அவர் கேள்வியைக் கொடுத்த அதே நாளில், எனக்குக் கொடுப்பதற்கு முன்பே, கெரோல் மையத்துக்கு ஒரு கேள்வி ஓடியிருந்தது. அதில் நடுப்பெயர் வரி இருந்தது. நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய அதே வரி. அவருக்கு அது முன்பே தெரியும். மைத்துனன் மையத்துக்கு அந்த வரியோடு கேட்டிருக்கிறார், சோலிங் டீச்சர் மையத்துக்கு அந்த வரியை எடுத்துவிட்டு, ஒரு எழுத்துகூட மாற்றாதே என்று சொல்லி, என் கையால் ஓட்ட வைத்திருக்கிறார்.

அதன் பிறகு நான் அவர் அறைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. அவர் பன்தேசால் ரொட்டியைக் காபியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் ஒன்றை நீட்டினார். நான் வாங்கவில்லை. இரண்டு மையத்துக்கும் ஏன் இரண்டு கேள்வி என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"நீ ரொம்ப யோசிக்கிற ஹெர்மி. ரெண்டும் ஒரே கேள்விதான்."

"ஒண்ணுன்னா ஏன் சார் அதுல ஒரு வரி கூட இருக்கு?"

"அறிக்கையில யாரு கையெழுத்து இருக்கு, என்னுதா உன்னுதா? அதையும் கொஞ்சம் யோசி. அடுத்த மாசம் நிரந்தர வேலை ஒண்ணு காலியாகுது. உன் பேரத்தான் மனசுல வெச்சிருக்கேன்."

எந்தப் பெயர் சார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. பராமரிப்பு நடக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் நடந்த பராமரிப்பு. பக்கத்து மேஜைக்காரர்கள் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் யார் ஒபுசானிடம் போய்ச் சொல்கிறார்கள் என்று நானும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்று மாலை நான் சந்தையில் இறங்கும்வரை அலுவலக ஓட்டுநர் நான் ஏறிய அதே ஜீப்னி வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவருக்கு அந்தப் பக்கம் வீடு கிடையாது. தற்செயலாகவும் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

அதன் பிறகு இன்று காலை நேராக இந்த நிலையத்துக்கு வந்தேன். உள்ளே வரும் வழியில் சோலிங் டீச்சரைப் பார்த்தேன். காவலறைக் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காவலரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, கால் வீங்கியிருந்தது, செருப்புப் போடவில்லை. நான் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "வேலைக்குப் போறதுக்குத் தைக்கக் கத்துக் குடுத்தேன். கல்யாணம் கட்டாதீங்கடின்னு கத்துக் குடுக்கல, அதுதான் என் தப்பு போல" என்றார். பிறகு என் பாவாடைக் கொக்கியைப் பார்த்து, இது ஜோனலின் கைவேலை என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த பொத்தானை எடுத்தார். மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

வேலை போய்விடும் என்ற பயத்தில் இப்போது மேலதிகாரி மேல் பழியைத் தள்ளுகிறீர்களா என்று சார்ஜென்ட் என்னிடம் கேட்டார். நானும் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்பேன். என் பேச்சை நம்ப வேண்டாம் என்று சொன்னேன். எங்கள் தரவுத்தளத்தின் முழு நகல், கேள்விகளின் குறிப்போடு சேர்த்து, ஒவ்வொரு வாரமும் மண்டலத் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. அதில் ஒபுசான் கை வைக்க முடியாது. ஆனால் மாதக் கடைசியில் பழைய நகல் அழிந்து அதன் மேல் புதியது ஏறிவிடும். இங்கே இருக்கும் குறிப்பை அவர் அழித்துவிட்டால், அடுத்த மாதம் அங்கேயும் இருக்காது. அதற்குப் பிறகு என் கையெழுத்துப் போட்ட அறிக்கை ஒன்றுதான் மிஞ்சும், சோலிங் டீச்சர் அதன் பேரிலேயே சிறைக்குப் போவார். ஆகவே இந்த மாதம் முடிவதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கி அந்த நகலை எடுத்து, இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிக்க எஸ்.க்யூ.எல். தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றில் ஒரு வரி இருக்கும், ஒன்றில் இருக்காது.

அதன் பிறகு சார்ஜென்ட் இதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கேட்டதோடு நிற்காமல் தாள்களை வாங்கி ஒவ்வொரு பக்கமாக நானே படித்தேன். அவர் முகம் சுளித்தார். நான் சொல்லாத எதுவும் இதில் இல்லை, சொன்ன எதுவும் விடுபடவில்லை. இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டதும் கையால் செய்ததும், யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொன்னவை அல்ல. கையொப்பம் போடும் இடத்தில் இரண்டு பெயரும் வேண்டும் என்றேன். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது, எதற்கு இரண்டு என்று சார்ஜென்ட் கேட்டார். "நாளைக்கு எவனாவது இப்படி ஒருத்தி சாட்சியே சொல்லலன்னு சொல்லுவான். எந்தப் பேர்ல தேடினாலும் நான் கிடைக்கணும்" என்றேன். அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு கீழே இன்னொரு வரி போட்டுக் கொடுத்தார்.

(கையொப்பம்)
ஹெர்மினியா பாக்டோல் சலிமன்
திருமணத்துக்கு முன் ஹெர்மினியா ஓர்தேகா பாக்டோல்

என் முன்னிலையில் கையொப்பமிட்டார்:
சார்ஜென்ட் தெரெசிதா மனிபோக் வில்யாமோர்
திருமணத்துக்கு முன் தெரெசிதா அலுனான் மனிபோக்